பங்கு போட்ட பன்னிரண்டு பிளாப்பி

தங்கச்சி,

இன்று காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டி ஒன்று வேகமாக உள்ளே வந்து நின்றது. நின்ற மாத்திரத்தில் பின் சக்கரத்திலிருந்து அந்த வாசனை கிளம்பியது. பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டை, சூடேறிக் கருகும் வாசனை. பக்கத்தில் நின்ற பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இரண்டடி கிட்டப் போய் நெஞ்சு நிறைய இழுத்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னா பெருசு, சாம்பிராணியா புடிக்கிற?" என்றான்.

"டேய், இந்த வாசனைக்காக ரெண்டு முதலாளி மண்டையை ஒடைச்சவன்டா நானு" என்றேன். சிரித்துக்கொண்டே விசிலை ஊதிவிட்டுப் போனான்.

நீ இருந்திருந்தால், "ரெண்டு இல்லண்ணே, ஒரு மண்டைகூட இல்ல" என்று அங்கேயே திருத்தியிருப்பாய். திருத்த ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ போய் நாற்பது நாளாகிறது.

எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் எழுதும் மடல் இது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எண்பதுகளின் கடைசிப் பக்கம், பதினாலு பஸ் ஓடின அந்தக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். நீ திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் முடித்து, மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாய். பெரிய முதலாளி விழுப்புரம் ஷெட்டில் உனக்கென்று ஒரு ரூம் ஒதுக்கி மெஷினை வாங்கி வைத்தார். டிரைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அதைக் கும்பிட்டார்கள். பிளாப்பித் தகடுகளில் நீ எழுதி வைத்த புரோகிராம் தினம் காலையில் இரண்டு லிஸ்ட் அடித்துத் தரும். ஒன்று டூட்டி: எந்த வண்டி எந்த ரூட்டில், யார் டிரைவர். இன்னொன்று சர்வீஸ்: எந்த வண்டி இன்று ரோட்டுக்குப் போகாமல் பிரேக் வேலைக்கு நிற்க வேண்டும். தென்னாற்காடு மாவட்டத்திலேயே, ஏன், ஆசியாவிலேயே அப்படி வேறு ஷெட் கிடையாது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். "மயிலம் தாண்டியே யாருக்கும் தெரியாதுண்ணே" என்பாய் நீ.

பெரிய முதலாளி செத்தார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் கருமாதிப் பந்தலைப் பிரிப்பதற்குள் அடித்துக்கொண்டார்கள். தம்பி சின்னவர், அண்ணன் பெரியவரின் காதைக் கடித்தார். வெறும் கடி இல்லை, கீழ்க் காதில் ஒரு துண்டு தரையில் கிடந்தது. நான்தான் துணியில் சுற்றி எடுத்தேன். பெரியவர் ஜாக்கி லிவரால் சின்னவர் முழங்காலில் போட்ட போட்டில் அவருக்குக் கடைசி வரை ஒரு கால் இழுத்தது. பிறகு உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். விழுப்புரம் ஷெட்டும் ஏழு வண்டியும் பெரியவருக்கு, திண்டிவனம் ஷெட்டும் ஏழு வண்டியும் சின்னவருக்கு. மற்ற சாமான்களுக்கு வழக்கப்படி பெரியவர் இரண்டு பங்காக வைப்பார், சின்னவர் முதலில் கை வைத்து எடுப்பார்.

எல்லாமே பாதி. தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தார்கள். வண்டி மேலே மூட்டை ஏற்றும் ஏணி ஒன்றுதான் இருந்தது. அதைப் படுக்கப் போட்டு நடுவில் ரம்பம் வைத்து அறுத்தார்கள். இரண்டு துண்டும் வண்டிக் கூரைக்கு எட்டவில்லை. அன்று நீ என் காதில், "அடுத்து நம்ம பிளாப்பிதாண்ணே" என்றாய். நான் சிரித்தேன்.

சின்னவர் புது மெஷின் வாங்கிவிட்டார். புரோகிராம் மட்டும் பன்னிரண்டு பிளாப்பியில் இருந்தது. நீ நியாயமாகத்தான் சொன்னாய்.

"முதலாளி, ரெண்டு பேருக்கும் முழுசா காப்பி போட்டுத் தர்றேன். ஒரு மணி நேர வேலை."

"காப்பின்னா முழுசு. பங்குன்னா பாதி. அவனுக்கு முழுசு எதுக்கு?" என்றார் பெரியவர்.

அப்பா செத்த பிறகு முதல் தடவையாகச் சின்னவர் அண்ணனோடு ஒத்துப்போனார். "அதானே. அவனுக்கு மட்டும் முழுசு எதுக்குன்றேன்?"

ஆறு பிளாப்பி இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம். சின்னவர் சிவப்புச் சீட்டு ஒட்டின அடுக்கை எடுத்தார். அதில் டூட்டி. பெரியவருக்கு மிஞ்சியதில் சர்வீஸ். துண்டில் முடிந்துகொண்டு போனார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்; சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏனென்றால் அந்த இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டுதான் வேலை செய்யும். எந்த வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்று டூட்டி சர்வீஸைக் கேட்கும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று சர்வீஸ் டூட்டியைக் கேட்கும். திண்டிவனத்தில் டூட்டி கேட்டது, பதில் சொல்ல ஆளில்லை, மெஷின் அப்படியே நின்றுவிட்டது. அங்கே டிரைவர்கள் ரூட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விழுப்புரத்தில் சர்வீஸ் கேட்டது, பதில் இல்லை, எல்லா வண்டிக்கும் கிலோமீட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. ‘இன்று பிரேக் வேலை இல்லை’ என்று தினமும் அழகாக அடித்துக் கொடுத்தது.

"பாத்தியா, என் பங்கு வேலை செய்யுது. அவன் பங்கு பூடுச்சி" என்று பெரியவர் ஷெட் முழுக்க இனிப்பு கொடுத்தார். இது தப்பு என்று நீ இரண்டு தடவை சொன்னாய். அவர் காதில், அதாவது மிச்சமிருந்த காதில், ஏறவில்லை.

ஐந்தாம் நாள் அனந்தபுரம் ரோட்டில் நம் வண்டி ஒன்று பிரேக் பிடிக்காமல் கரும்பு வண்டிமேல் ஏறியது. நீயும் நானும் ஜீப்பில் போய் இறங்கினோம். ஒரு மாடு முதுகு ஒடிந்து கத்திக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் நல்ல வேளையாகத் துள்ளி வயலில் விழுந்திருந்தார். நம் டிரைவர் வாயெல்லாம் ரத்தம். ஸ்டீயரிங்கில் மூன்று பல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த மாட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி ஓரம் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டுப் பேர் பிடித்தோம், நீயும் வாலைப் பிடித்தாய்.

திரும்பி வரும்போது அன்றைய லிஸ்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

"அண்ணே, கேட்டதுக்குப் பதில் வரலைன்னு நின்னுச்சே திண்டிவனம் மெஷின், அது நல்ல மெஷின். பதில் வராமயே எல்லாம் சரின்னு சொல்லிக்கினு இருந்துச்சே நம்முது, அதுதாண்ணே கொலைகாரன். அதை எழுதினது நானு" என்றாய்.

மறுநாளே சின்னவர் ஆள் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தார். நாற்பது பேர். சரி, ஒன்பது பேர். சின்னவருடைய பிளாப்பிக்குப் பெரியவர் மந்திரம் வைத்துவிட்டார் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் நின்றிருந்த மூன்று வண்டிக்கும் முன் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். கண்ணாடித் தூள் மழை மாதிரி விழுந்தது. பெரியவர் ஆட்கள் ஸ்பேனரை எறிந்தார்கள். என் நெற்றி கிழிந்தது. அந்தத் தழும்பு நிஜம், யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். அண்ணனும் தம்பியும் ஆயில் தரையில் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் கழுத்தில் ஒருவர் கை.

பிரித்துவிட்டது அவர்களைப் பெற்ற அம்மாதான். ரிக்ஷாவிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்தார். பெரியவருக்கு நாலு, சின்னவருக்கு நாலு. அதில் மட்டும் சரிபாதி.

"ஊர்ல போற சனத்தைக் கொல்றதுக்காடா உங்க அப்பன் பஸ் உட்டாரு? அந்தப் பொண்ணு சொல்ற மாதிரி பிரிங்க. அவளும் ஃபோர்மேனும் ரெண்டு ஷெட்டுக்கும் பொது. எவனாச்சும் எதுனா பேசினீங்க, நான் போய் தண்டவாளத்துல படுத்துக்குவேன்."

நம் இரண்டு பேரை மட்டும் ரம்பம் வைத்து அறுக்க முடியவில்லை. மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே.

நீ வேலையை ஆரம்பித்தது மெஷினில் இல்லை. கண்ணாடி உடைந்த வண்டியின் பக்கத் தகரத்தில், சாக்பீஸால். பெட்டி பெட்டியாகப் போட்டாய். "யாரு யாரைக் கேக்குதுன்னு மொதல்ல கோடு போட்டுக்கணும்ணே. கோடு தெரியாம கத்தி வெச்சா ரத்தம்தான்" என்றாய். கியர் பாக்ஸை இறக்கும் முன்னால் அதைப் பின் சக்கரத்தோடு இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும் என்று நான் உனக்குச் சொன்னேன். அன்று முதல் கம்ப்யூட்டரைப் பிரிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லி வந்திருக்கிறேன். நீ அதை ஒரு தடவையும் மறுக்கவில்லை.

டூட்டியிலிருந்து சர்வீஸுக்கு ஒரு கோடு, சர்வீஸிலிருந்து டூட்டிக்கு ஒரு கோடு. "பாருங்கண்ணே, நம்ம முதலாளிங்க மாதிரியே. அவன் சட்டைய இவன் புடிச்சிக்கினு, இவன் சட்டைய அவன் புடிச்சிக்கினு. எதை இழுத்தாலும் ரெண்டும் வரும்." அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றாய். பிறகு இரண்டு பெட்டிக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி போட்டு, மேலே இருந்த இரண்டு கோட்டையும் உள்ளங்கையால் அழித்தாய்.

"இது அடிப் பொஸ்தகம். எந்த வண்டி எவ்ளோ ஓடிச்சி, எந்த லைனிங் எவ்ளோ தாங்கும், அவ்ளோதான் இதுல. இது யாரையும் கேக்காது. மத்தது ரெண்டும் இதைத்தான் கேக்கும்."

அப்படித்தான் பிரித்தாய். ஒவ்வொரு ஷெட்டுக்கும் அதன் ஏழு வண்டிக்கு மட்டும் தனி டூட்டி, தனி சர்வீஸ். அவன் ரூட் இவனுக்குத் தெரியாது. அடிப் பொஸ்தகத்தில் லைனிங் பக்கம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் தலையில் ஓர் எண் போட்டாய். ஒன்று, இரண்டு, மூன்று. ஏதாவது மாற்றினால் எண் கூடும், புது பிளாப்பி இரண்டு ஷெட்டுக்கும் போகும். காலையில் சர்வீஸ் முதல் வேலையாக அந்த எண்ணைப் பார்க்கும். பழைய எண் இருந்தால் லிஸ்ட் வராது. மெஷின் நிற்கும்.

"நிக்கிறதுக்கா இவ்ளோ பாடுபட்ட?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. நிக்கத் தெரிஞ்சாத்தான் ஓட உடலாம்."

ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு மலிவான லைனிங் ஒன்று இரண்டு ஷெட்டுக்கும் வந்தது. விழுப்புரத்தில் ஒரு சக்கரத்தைப் பிரித்தபோது அது பாதி தூரத்திலேயே தேய்ந்திருந்ததை நான் பார்த்துச் சொன்னேன். நீ பொஸ்தகத்தில் லைனிங் தாங்கும் அளவைக் குறைத்தாய், எண்ணை நான்கு ஆக்கினாய், திண்டிவனத்துக்குப் பிளாப்பி அனுப்பினாய். சின்னவர் உறையைப் பார்த்தார், விழுப்புரம் ஷெட் முத்திரை. ஜன்னல் வழியாக எறிந்தார்.

நம் திண்டிவனம் முறை வந்த அன்று காலை நீ சர்வீஸை மாற்றினாய். அது எண் நான்கு கேட்டது, அங்கே இருந்த பழைய பொஸ்தகம் மூன்று என்றது. நின்றது. வாசலில் ஏழு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று மயிலம் மலைக் கோயிலுக்குப் போகும் கல்யாண வண்டி. வாழைமரம் கட்டி, உள்ளே பெண் வீட்டார் அறுபது பேர் உட்கார்ந்தாயிற்று. சின்னவர் டயர் கழற்றும் லிவரோடு ரூமுக்குள் வந்தார்.

"ஏம்மா, முகூர்த்தத்துக்கு நேரமாவுது. ஜல்தி லிஸ்ட்டை அடி."

"புது பிளாப்பி என் பையில இருக்குது முதலாளி. போட்டா ரெண்டு நிமிஷம். அதுல எந்த வண்டி நிக்கணும்னு சொல்லிடும்."

"அவன் ஊட்டு பிளாப்பி என் மெஷின்ல ஏறாது. நிக்கிற மாதிரி வெச்சிருக்கியே, அந்தக் கேள்வியை எடுத்துடு."

"அது எடுக்கக் கூடாது முதலாளி."

"நான் மொதலாளியா, மெஷின் மொதலாளியா?"

"எனக்குத் தெரிஞ்சி எடுத்தா, அந்த அறுபது பேரை நான் தள்ளி உட்ட மாதிரி."

லிவரை மேஜையில் வைத்திருந்த உன் இடது கைமேல் போட்டார். பச்சை மூங்கில் ஒடியும் சத்தம். நீ கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாய். "எடு" என்றார். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். இரண்டாவது தடவை போட்டார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிளாப்பி உறை எடுக்க உள்ளே வந்தவன், அவர் கையில் லிவரைப் பார்த்ததும் கதவு மறைவில் ஒதுங்கினேன். கீல் இடுக்கு வழியாக உன் கையைப் பார்த்தேன். என் இடுப்பில் முக்கால் அடி ஸ்பேனர் இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் நாலு எட்டுத் தூரம். நான் ஓர் எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. நீ தலையை ஆட்டியபோது உன் கண் கதவுப் பக்கம் வந்து போனது.

அவர் வெளியே போய், "லிஸ்ட் வேணாம், வண்டியை எடுங்கடா" என்று கத்தினார். கல்யாண வண்டி டிரைவர் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். மேஜையிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்ஜினை அணைத்தார், சாவியைப் பாக்கெட்டில் போட்டார், கீழே இறங்கி முன் சக்கரத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"லிஸ்ட்டு இல்லாம நான் எடுக்க மாட்டேன் மொதலாளி. அந்தப் பொண்ணை அடிச்ச கையால என்னையும் அடிச்சிக்குங்க."

சின்னவர் அடித்தார். தோளில், முதுகில், மறுபடி தோளில். மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக இறங்கி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. போய் ஜாக்கி போட்டு, கல்யாண வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இழுத்தேன். லைனிங் என்று ஒன்று இல்லை. அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணித் தலைகள் மட்டும் பளபளவென்று, டிரம்மில் நகக்கீறல் மாதிரிக் கோடு. லைனிங் ஒட்டும் இரும்பான பிரேக் ஷூவைக் கழற்றிச் சின்னவர் காலடியில் போட்டேன். தரையில் விழுந்து கணீரென்றது. மலையிலிருந்து திரும்பி இறங்க வேண்டிய வண்டி அது.

கல்யாணப் பெண்ணின் அப்பா அதை எடுத்துப் பார்த்தார். விவசாயி; ஏர் இரும்பு தேய்ந்தால் பார்த்ததும் தெரிந்துகொள்பவர். சின்னவரின் சட்டையைப் பிடித்து அவர் அறைந்த அறையில் சின்னவர் வாயில் ரத்தம் வந்தது. சின்னவர் திருப்பி அடிக்கவில்லை. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நீ ஒற்றைக் கையால் உன் பையிலிருந்து பிளாப்பியை எடுத்து அவரிடம் நீட்டினாய். அவரே உள்ளே போய் மெஷினில் போட்டார். ஏழில் நான்கு வண்டி நிற்க வேண்டும் என்று லிஸ்ட் வந்தது. முகூர்த்தத்துக்கு மிச்சமிருந்த மூன்றில் ஒன்று போனது. நீ ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனாய். நடுவிரலும் மோதிர விரலும் அதற்கப்புறம் மடங்கவேயில்லை. எட்டு விரலில் டைப் அடித்தாய். அப்போதும் என் கண்ணுக்கு எல்லோரையும்விட வேகம்தான்.

கதவைப் பற்றி நீ என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. ஊரில் எந்தச் சண்டையைப் பற்றியும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லும் நான், அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு கதைகூடக் கட்டவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குத் திண்டிவனம் வந்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் உன் மகள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுற்றி இருந்தவர்களிடம் சொன்னாள்.

"இவருதான் ஃபோர்மேன் மாமா. அம்மா விரல் ஒடிஞ்ச அன்னிக்கு இவரு மட்டும் வெளிய ஆறு பேரைத் தடுத்து நிறுத்தலைன்னா அம்மா உசுரே போயிருக்குமாம். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து சொல்லிக்கினே இருப்பாங்க."

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது. ஆறு பேர். அது நான் கட்டியது இல்லை. என்னை வாழ்நாள் முழுக்கத் திருத்திய நீ, எனக்காக ஒன்று கட்டியிருக்கிறாய். பெற்ற பிள்ளையிடம், இத்தனை வருஷமாக. பந்தியே என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் தங்கச்சி.

"ஆறு இல்லம்மா. நாலு பேருதான்" என்றேன்.

"பாத்தீங்களா, கொறைச்சி சொல்றாரு" என்று உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த நாலு பேரும் என்னோடுதான் இருக்கிறார்கள். ஒருவன் கையில் கம்பி, ஒருவனுக்குத் தலையில் துண்டு. நான் அடிக்காத ஆட்கள், எனக்கு முகம்கூடத் தெரிகிறது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் உட்காருகிறார்கள். இன்று காலை அந்தக் கண்டக்டரிடம் மண்டையை உடைத்த கதை சொன்னபோதும் பின்னால்தான் நின்றார்கள்.

இந்த மடலை உன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தபாலில் போட மாட்டேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். கதவுப் பக்கம் உட்கார மாட்டேன்.

உன் அண்ணன்.